கலைக்குழுவின் குறும்பு: பரீட்சார்த்தக் கலைக்குழுக்களின் குணமும் ரசனையும் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் நடைபெறும் நவீன கலைக் கண்காட்சி ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்பவரைத் திகைக்க வைப்பது பல வேளைகளில் படைப்பு அல்ல, அதன் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு குறிப்புத்தான். ஓவியரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழுவின் பெயர் இருக்கும். படைப்பு என்று சொல்லப்படுவதோ ஒரு மேசை, சில கதிரைகள், கொஞ்சம் காகிதத் துண்டுகள், எடுத்து விளையாடலாம் என்ற அறிவித்தல் என்ற அளவிலேயே நின்றுவிடும். இதை யார் செய்தார், எதற்காகச் செய்தார், இது பகிடியா அல்லது உண்மையாகத்தான் சொல்கிறார்களா என்ற மூன்று கேள்விகளும் ஒரே நேரத்தில் எழும். மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் ஓரளவு தெளிந்துவிடும் என்பதால், இக்கட்டுரை அதையே பிடித்துக்கொண்டு செல்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கலைஞர்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பெல்லாம் கலைக்குழு ஆகிவிடாது. சந்தா செலுத்தி, வருடாந்தக் கூட்டம் நடத்தி, ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கும் சங்கத்தில் ஒவ்வொருவரும் தத்தம் படைப்புக்குத் தாமே உரியவர். மண்டபமும் செலவும் மட்டுமே பொது. நாம் இங்கே பேசும் பரீட்சார்த்தக் குழுவில் படைப்பே கூட்டாகப் பிறக்கிறது. அல்லது குறைந்தபட்சம், படைப்பு எந்த விதிகளின்படி பிறக்க வேண்டும் என்பதைக் குழு கூடித் தீர்மானிக்கிறது. அந்த விதிகள் வழியாகவே குழுவுக்கு ஒரு குணம் வாய்க்கிறது. எதைப் பார்த்துச் சிரிக்கிறது, எதைத் தொட மறுக்கிறது, பார்வையாளரை விருந்தினராக நடத்துகிறதா அல்லது வம்புக்கு இழுக்கிறதா, மலிவான பொருளை விரும்புகிறதா அல்லது பளபளப்பானதையா என்று கேட்டுப் பார்த்தால், ஒரு மனிதரின் சுபாவத்தை விவரிப்பது போலவே அந்தக் குழுவின் சுபாவத்தையும் விவரிக்க முடியும். உறுப்பினர்கள் தனித்தனியே மிகச் சாதுவானவர்களாக இருந்தாலும் குழு பெரும் குறும்புக்காரராக இருக்கக்கூடும்.

விளையாட்டு என்றவுடன் பொறுப்பின்மை என்று எடுத்துக்கொள்வது நம்மிடம் உள்ள பழக்கம். ஆனால் விதி இல்லாமல் எந்த விளையாட்டும் இல்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மென்பந்துக் கிரிக்கட் ஆடும் பிள்ளைகள், மதிலுக்கு மேலால் பந்து போனால் ஆட்டமிழப்பு என்று தாமே ஒரு சட்டம் இயற்றி, அதற்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அச்சட்டம் இடத்தின் நெருக்கடியிலிருந்து பிறந்தது, அதிலிருந்தே புதிய ஆட்டமுறையும் பிறக்கிறது. பரீட்சார்த்தக் குழுக்களின் விளையாட்டும் இத்தகையதே. தம்மைத் தாமே ஒரு நெருக்கடிக்குள் நிறுத்தி, தனியொருவர் கற்பனையால் எட்ட முடியாத இடத்துக்கு அந்த நெருக்கடி தம்மைத் தள்ளுமா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய பரிசோதனை.

இதற்குப் பழைய உதாரணம், 1920களின் நடுப்பகுதியில் பாரிசில் மிகையதார்த்தவாதிகள், அதாவது கனவையும் தற்செயலையும் கலைக்கு ஊற்றாகக் கொண்டவர்கள், ஆடிய ஒரு காகித ஆட்டம். ஒரு தாளை மூன்றாகவோ நான்காகவோ மடிப்பார்கள். முதலாமவர் ஒரு தலையை வரைந்து, கழுத்துக் கோடுகளின் நுனி மட்டும் அடுத்த மடிப்பில் தெரியும்படி விட்டு, தாளை மடித்து அடுத்தவரிடம் கொடுப்பார். இரண்டாமவர் மேலே என்ன இருக்கிறது என்று அறியாமல் அந்த இரண்டு கோடுகளிலிருந்து ஓர் உடலைத் தொடங்குவார், மூன்றாமவர் கால்களை. தாளை விரிக்கும்போது குடைக்கு மேல் மீன்தலை, அதற்குக் கீழே மேசைக்கால் என்று யாரும் திட்டமிடாத ஓர் உருவம் நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு சிறு கோடுகளைத்தான். அவை இல்லாவிட்டால் தாளில் இருப்பது மூன்று தனிப் படங்கள். முழுவதும் தெரிந்துவிட்டால் அது சாதாரணமான கூட்டு ஓவியம். எவ்வளவு மறைக்க வேண்டும், எவ்வளவு காட்ட வேண்டும் என்ற அளவில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமானதாக இருக்கத் தேவையில்லை. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் வழக்கம் நம் புலவர் அவைகளில் நெடுங்காலம் இருந்தது. உதடு ஒட்டாத எழுத்துகளால் மட்டும் பாடும் நிரோட்டகமும், முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே ஒலிக்கும் மாலைமாற்றும், எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவி வகைகள். சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்று தொடங்கி, அதே எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி இரண்டாம் அடியை நிறைத்து, அவ்வாறே ஒரு முழுப் பதிகத்தையும் பாடியிருக்கிறார். அதைப் பக்திப் பாடலாக ஏற்பதில் எவருக்கும் தயக்கம் வந்ததில்லை. கடுமையான விதியும் ஆழ்ந்த உணர்வும் ஒரே பாட்டில் இருக்க முடியும் என்பதை நாம் முன்பே அறிந்திருக்கிறோம். கண்காட்சி மண்டபத்துக்குள் நுழையும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். 1960 இல் ரேமோன் கெனோ, பிரான்சுவா லெ லியோனே ஆகிய இருவரும் பிரான்சில் தொடங்கிய ஊலிப்போ என்ற குழு செய்ததும் இதற்கு நெருங்கிய வேலைதான். எழுத்தாளர்களும் கணிதவியலாளர்களும் கூடி எழுத்துக்குப் புதுப்புதுக் கட்டுப்பாடுகளைக் கண்டுபிடித்தார்கள்; அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாக வழங்கும் உயிரெழுத்தை ஓரிடத்திலும் பயன்படுத்தாமல் 1969 இல் ஒரு முழு நாவலையே வெளியிட்டார்.

குழுவின் ரசனை என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்வதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஃபுளக்சஸ் என்ற கலைக்குழு என்று நான் கருதுகிறேன். லித்துவேனியாவில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த வடிவமைப்பாளர் ஜோர்ஜ் மச்சியூனாஸ் இதன் அமைப்பாளர். 1962 இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடத்திய இசைவிழாவுடன் இது பரவலாக அறியப்பட்டது. இவர்களுக்குப் பிரமாண்டம் பிடிக்காது. தைலவண்ணமும் பொன்முலாம் பூசிய சட்டகமும் பிடிக்காது. பிடித்தவை சிறு பிளாஸ்ரிக் பெட்டிகள், அச்சிட்ட அட்டைகள், கடையில் வாங்கிய சில்லறைப் பொருட்கள், ஒரே வரியில் முடியும் அறிவுறுத்தல்கள். அலிசன் நோல்ஸ் 1962 இல் இலண்டனில் நிகழ்த்திய படைப்பின் அறிவுறுத்தல், ஒரு சலாது செய்க என்பதுதான். அவ்வளவே படைப்பு. காய்கறி நறுக்கும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்க, கூடியிருந்தவர்கள் அதை இசையாகக் கேட்டுவிட்டு, பிறகு சலாதையும் உண்டார்கள். இதைக் கேட்டு எரிச்சல் அடைபவர்கள் உண்டு. அந்த எரிச்சலும் நியாயமானதே. ஆனால், கத்தி பலகையில் விழும் தாளத்தை நாம் கடைசியாக எப்போது கவனித்துக் கேட்டோம் என்ற கேள்வியை அது அழித்துவிடாது.

மச்சியூனாஸ் மேசைப்பந்து மட்டையின் நடுவில் ஓட்டை போட்டு, பந்து அதனூடாகப் போய்விடும்படி செய்தார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய ஜப்பானியக் கலைஞர் தகாகோ சைத்தோ 1960களில் செய்த சதுரங்கம் இன்னும் நுட்பமானது. அவருடைய சதுரங்கங்களில் ஒன்றில் காய்களை எடையால் அறிய வேண்டும், இன்னொன்றில் ஓசையால். மற்றொன்றில் காய்கள் எல்லாம் ஒரே மாதிரியான சிறு குப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுவா, பெருங்காயம் என்று ஒவ்வொரு வாசனைச் சரக்கு. குப்பியைத் தூக்கி மோந்து பார்த்தால்தான் அது ராணியா சிப்பாயா என்று தெரியும். சதுரங்கத்தின் விதிகளில் ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. கண்ணின் வேலையை மூக்கிடம் ஒப்படைத்தார், அவ்வளவுதான். விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். புறக்கோட்டையில் பலசரக்கு வியாபாரம் செய்து தலைமுடி நரைத்த ஒருவரையும் பட்டம் வென்ற சதுரங்க வீரர் ஒருவரையும் இந்தப் பலகையின் இருபுறமும் அமர்த்தினால், முதற் சில நகர்வுகளிலாவது யாருக்கு அனுகூலம்? நிபுணர் யார் என்ற ஒழுங்கு ஒரே அசைவில் குலைந்துவிடுகிறது. ஃபுளக்சஸின் குறும்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குறிவைக்கிறது: பழகிய ஒன்றைத் துளி மாற்றி, அதிகாரம் எங்கே இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஜப்பானின் அஷியா நகரில் 1954 இல் தோன்றிய குத்தாய் குழுவின் சுபாவம் வேறு. ஃபுளக்சஸ் உதட்டோரம் சிரிப்பது என்றால், குத்தாய் உடம்பால் விழுந்து புரள்வது. மூத்தவரான ஜிரோ யோஷிஹாரா, இதுவரை எவரும் செய்யாததைச் செய்யுங்கள் என்று இளையவர்களை வற்புறுத்தினார். கசுவோ ஷிராகா கயிற்றில் தொங்கியபடி காலால் வண்ணம் தீட்டினார். சபுரோ முரகாமி சட்டகங்களில் ஒட்டிய காகிதத் திரைகளை ஓடிச்சென்று உடலால் கிழித்துக்கொண்டு மறுபுறம் வந்தார். அட்சுகோ தனாகா 1955 இல் மண்டபம் முழுவதும் மின்மணிகளைத் தரையோரமாக வரிசையாக வைத்து, ஓர் அழுத்தானையும் அதை அழுத்துமாறு கேட்கும் குறிப்பையும் வைத்தார். பார்வையாளர் அழுத்தினால் அருகிலுள்ள மணி ஒலித்து, ஓசை ஒவ்வொரு மணியாக மண்டபத்தின் மறுகோடிக்கு ஓடித் திரும்பும். அமைதியாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரே அந்த இரைச்சலுக்குப் பொறுப்பாளியாகிவிடுவார். இக்குழுவின் ரசனைக்கு ஊற்று எது என்று தேடுபவர்கள் ‘கிரின்’ என்ற சிறுவர் சஞ்சிகையை மறக்கக்கூடாது. குத்தாய் உறுப்பினர்கள் அதற்கு எழுதியும் வரைந்தும் பங்களித்தார்கள். பிள்ளைகள் வரைந்த படங்களை அவர்கள் செல்லம் கொஞ்சுவதற்காகப் பாராட்டவில்லை, பாடம் கற்பதற்காகப் பார்த்தார்கள். போருக்கு முன் நாடு முழுவதும் ஒரே குரலில் பேசும்படி பழக்கப்படுத்தப்பட்ட தலைமுறை அது என்பதை நினைத்தால், எவரையும் பின்பற்றாதே என்ற அறிவுரையின் கனம் விளங்கும்.

முகமூடி அணியும் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சான் பிரான்சிஸ்கோவைச் சார்ந்து இயங்கிய த ரெசிடென்ட்ஸ் என்ற இசை, கலைக்குழு, பெரும் கண்விழி உருவத்தைத் தலையில் மாட்டி, மேலே உயரமான தொப்பியும் வைத்துக்கொண்டு, பெயரை வெளியிடாமல் பல பத்தாண்டுகளைக் கழித்தது. 1980 இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடமே ஒலிக்கும் நாற்பது பாட்டுகளை வைத்து, முழுப் பாட்டு வேண்டுமானால் மூன்று முறை தொடர்ந்து கேளுங்கள் என்று விளக்கம் கொடுத்தது. ஜனரஞ்சகப் பாட்டு எப்படியும் ஒரே அடிகளைத்தான் திருப்பித் திருப்பிப் பாடுகிறது என்ற கிண்டல் அதில் இருக்கிறது. அந்தப் பாட்டுகளை மிகவும் நேசித்து, அவற்றின் எலும்புவரை அறிந்தவரால் மட்டுமே செய்யக்கூடிய கிண்டல் அது. 1985 இல் நியூயோர்க்கில் தொடங்கிய கெரில்லா கேர்ள்ஸ் குழுவின் பெண்கள் கொரில்லா முகமூடிக்குள் ஒளிந்துகொண்டு, மறைந்த பெண் கலைஞர்களின் பெயர்களைத் தம் பெயர்களாகச் சூடிக்கொண்டார்கள். அருங்காட்சியகங்களில் பெண்களின் படைப்புகள் எவ்வளவு குறைவாக இருக்கின்றன என்பதை எண்ணிக் கணக்கெடுத்து, அந்த எண்களைச் சிரிப்பூட்டும் சுவரொட்டிகளாக ஒட்டினார்கள். முன்னவருக்கு முகமூடி ஒரு சொகுசு, பின்னவருக்கு அது ஒரு கவசம்.

இனி கொழும்புக்கு வருவோம். இங்கே குழு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 1943 ஓகஸ்டில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் வீட்டில் கூடித் தோன்றிய 43 குழு. கண்டிப்பாகச் சொன்னால் அது நான் மேலே வரையறுத்த வகையில் சேராது; ஜோர்ஜ் கீட், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் என்று ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே வரைந்தார்கள், பாணியும் வெவ்வேறு. ஆயினும் ஒரு குழுவின் ரசனை என்பது அது எதை மறுக்கிறது என்பதாலும் உருவாகும் என்பதற்கு அது நல்ல சான்று. அன்றைய இலங்கைக் கலைச் சங்கம் போற்றிய, பிரித்தானியக் கலைக்கூடங்களிலிருந்து இறக்குமதியான, அச்சொட்டாக வரையும் நாகரிகத்தை இவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த மறுப்பின் கீழ், விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்த பௌத்த பிக்கு மஞ்சுசிறீயும், அரசியல்வாதிகளை வதைத்த கேலிச்சித்திரக்காரர் ஓப்ரி கொலெற்றும் ஒரே அணியில் நின்றது வேடிக்கையான பொருத்தம்தான். வென்ட் நல்ல பியானோ கலைஞர். புகைப்படத்தில் ஒளியைத் தலைகீழாக்கியும் படங்களை ஒட்டிக் கோத்தும் சோதனைகள் செய்தவர். குழு தோன்றிய அடுத்த ஆண்டே அவர் இறந்தார். கில்ட்ஃபோர்ட் கிரசண்டில் அவர் பெயரால் நிற்கும் அரங்கில் தமிழ் நாடகம் பார்த்த பலருக்கு இந்தப் பின்னணி தெரியாது. இக்குழுவினரின் படைப்புகளை நேரில் பார்க்க விரும்புவோர் பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸின் வீட்டிலேயே இயங்கும் சபுமல் மன்றத்துக்கும், கீட்டின் சுவரோவியங்கள் உள்ள பொரளை கோதமி விகாரைக்கும் செல்லலாம்.

போர்க்காலத்தில் இந்நகரின் கலைக்குறும்பு வேறு நிறம் கொண்டது. 1990களில் கொழும்பில் வாழ்ந்த தமிழர் எவருக்கும் சோதனைச் சாவடித் தார்ப்பீப்பாக்களை விவரிக்கத் தேவையில்லை. வீதியை நெளிவாக்கி, வாகனத்தை மெதுவாக்கி, பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றவரின் கண்முன் இருந்தவை அவைதாம். படையினரின் சீருடைக் கலவை வர்ணம் பூசப்பட்டிருக்கும். சந்திரகுப்த தேனுவர என்ற கலைஞர் 1997 இல் அந்தப் பீப்பாக்களைக் கண்காட்சிக்குள் கொண்டுவந்து அடுக்கி, கலை வரலாற்றில் கியூபிசம் முதலிய இயக்கங்கள் இருப்பது போல பீப்பாவுக்கான ஆங்கிலச் சொல்லை (barrel) வைத்து இது ‘பெரலிசம்’ என்று பெயரிட்டார். பெயர் சூட்டலில் தெளிவான நையாண்டி உண்டு: பொருட்களை ஓரிடத்தில் அடுக்கி வைத்துப் படைப்பாக்கும் நிறுவல் கலையை நகரம் முழுவதும் அரசே காட்சிப்படுத்திக்கொண்டிருக்கும்போது கலைஞருக்கு என்ன வேலை என்பது அதன் உட்பொருள். இது தனி ஒருவரின் படைப்பு, குழுவினுடையது அல்ல. எனினும், விளையாட்டுத்தனம் வசதியுள்ள அமைதியான நாடுகளின் ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். வரிசையில் நின்றவருக்கு அது சிரிப்பூட்டியிருக்குமா என்பது வேறு விடயம். சிரிக்க முடியாத ஒரு பகிடியாக இருப்பதே அதன் பலம் என்பது என் எண்ணம்.

அதே தலைமுறையினர் சிலர் 2000 ஆம் ஆண்டில் தீர்த்த சர்வதேசக் கலைஞர் குழுவை உருவாக்கினார்கள். ஜகத் வீரசிங்க, அனோலி பெரேரா முதலியோர் இதில் முக்கியமானவர்கள். ரெட் டொட் என்ற காட்சிக்கூடத்தைத் தாமே நடத்தி, வெளிநாட்டுக் கலைஞர்களை அழைத்துப் பட்டறைகள் வைத்து, பண்டு மனம்பேரி போன்றோர் தம் உடலையே ஊடகமாகக் கொண்ட நிகழ்த்துகலைக்கும் மேடை அமைத்தார்கள். இவர்களுடைய ரசனையின் அடையாளம், அழகாக முடிக்கப்பட்ட பொருளைவிட, ஒருவர் கண்முன் செய்துகொண்டிருக்கும் செயலில் கொண்ட நம்பிக்கை. 2013 முதல் நடந்துவரும் கொழும்புஸ்கோப் விழாவில் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் இளம் தமிழ்க் கலைஞர்களின் படைப்புகளைப் பார்ப்பவர்கள், இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

கூட்டாகச் செய்வதில் இருக்கும் சிக்கலையும் சொல்லாமல் விட்டால் விளக்கம் அரைகுறையாகும். ஜக்கார்த்தாவில் 2000 இல் தொடங்கிய ருவாங்ருபா குழுவிடம் ஜேர்மனியின் கஸல் நகரில் 2022 இல் நடந்த டொக்குமென்டா பெருங்கண்காட்சியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கூடியிருந்து அரட்டை அடிப்பதையே வேலைமுறையாகக் கொண்ட குழு அது. ஊரார் மிகுதி நெல்லைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கிடைத்த பணத்தையும் இடத்தையும் வேறு பல குழுக்களோடு பகிர்ந்தது. குழுக்கள் மேலும் குழுக்களை அழைத்தன. பிள்ளைகள் விளையாட இடம், சமையல், அச்சுக்கூடம் எல்லாம் கண்காட்சிக்குள் வந்தன. ஆனால் அழைக்கப்பட்ட குழு ஒன்றின் பழைய பதாகையில் யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்கள் இருந்தமை தெரியவந்து, பதாகை அகற்றப்பட்டு, கண்காட்சியின் தலைமை நிர்வாகியும் பதவி விலக நேர்ந்தது. யார் தெரிவு செய்தார், யார் பார்த்திருக்க வேண்டும், யார் மன்னிப்புக் கேட்பது என்ற கேள்விகளுக்குத் தனி ஓவியர் ஒருவரிடம் கிடைக்கும் நேரடியான பதில் அங்கே கிடைக்கவில்லை. புகழைப் பகிர்வது இலகு. பழியைப் பகிரும்போதுதான் ஒரு குழுவின் குணம் வெளிப்படுகிறது.

குழுக்கள் முடிவடையும் விதத்திலும் அவற்றின் சுபாவம் தெரியும். 1972 இல் யோஷிஹாரா இறந்ததும் குத்தாய் கலைந்தது. எவரையும் பின்பற்றாதே என்று சொன்ன குழு, அதைச் சொன்னவர் இல்லாமல் நிற்க முடியவில்லை. ரொறொன்ரோவில் 1969 முதல் மூவராக இயங்கிய ஜெனரல் ஐடியா என்ற கலைக்குழு, உறுப்பினர் இருவரை எயிட்ஸ் கொண்டுபோன 1994 உடன் முடிந்தது. ஊலிப்போ இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒருமுறை சேர்ந்தவர் விலக முடியாது என்பது விதி. ஆகையால் இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களும் பட்டியலில் அப்படியே இருக்கின்றன, மரணத்தை முன்னிட்டு அவர்களுக்குக் கூட்டத்துக்கு வருவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.